உரிந்து பறந்த வெள்ளை

புது வண்டி வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. முன்சக்கரத்துக்கு மேலே பொட்டு அளவுக்குப் பெயின்ட் உதிர்ந்திருப்பதை ஒரு நாள் காலை சோபாக்காரர் பார்த்தார். செய்த சோபாக்களை வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோக வாடகை வண்டிக்குக் காத்துக் காத்து நொந்துபோய், கடைசியில் சொந்தமாக வாங்கிய வெள்ளை பிக்கப் அது. அதைத் துடைப்பதற்கென்றே மெத்தைத் துணியில் இருப்பதிலேயே மிருதுவானதை வெட்டி வைத்திருந்தார். பெற்ற மகளுக்குக்கூட இவர் இப்படி முகம் துடைத்துவிட்டதில்லை என்று மனைவி கேலி செய்வாள்.

உதிர்ந்த இடத்தில் ஒயிட்னரைத் தடவி மறைத்தார். கொஞ்ச நாளில் கதவோரத்தில் இன்னொன்று. பிறகு பானெட் நுனியில், கடுகு சிந்தியதுபோல் ஒரு கூட்டம். சாப்பாடு இறங்காமல் ஷோரூமுக்கு ஓட்டிப் போனார். சர்வீஸ் பிரிவில் இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கல் தெறித்திருக்கும், அதற்கெல்லாம் வாரன்டி கிடையாது என்றார். பிறகு போகிற போக்கில், வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சோபாக்காரரின் மனதில் முள்ளாய்த் தைத்துக்கொண்டது. வண்டியை ஓட்டுவது மனைவியின் தம்பி. தலைமுடியை வைத்து, கடையில் எல்லோருக்கும் அவன் சுருட்டை. கொஞ்சம் வேகக்காரன்தான். ஆனால் நாலாவது மாடிக்கு சோபா ஏற்ற வேண்டும் என்றாலும் முகம் சுளிக்காமல் தோள் கொடுப்பான். மாமா, மாமா என்று அவரைச் சுற்றியே வருவான்.

அன்று சாயங்காலம் சுருட்டை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சோபாக்காரர் பானெட்டைக் காட்டிக் கேட்டார். அவன் மெதுவாகத்தான் ஓட்டுவதாகச் சொன்னான். கடையில் தையல்காரர்கள் இருந்தார்கள், துணி பார்க்க வந்த ஒரு குடும்பமும் இருந்தது.

"லாரி பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போனா கல்லு தெறிக்காம பூவா தெறிக்கும்? உன் வண்டியா இருந்தா இப்படி ஓட்டுவியா?" என்றார்.

 சுருட்டை சாவியைத் தையல் மெஷின் மேல் வைத்தான். துணி பார்க்க வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி வெளியே போனான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஏதோ குடோனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

 சாப்பாட்டுத் தட்டை மனைவி வைக்கிற சத்தத்திலேயே அவள் மனசு தெரிந்தது. தம்பியிடம் போனில் பேசும்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சோபாக்காரர் தானே வண்டியை ஓட்ட ஆரம்பித்தார். அப்போதும் பெயின்ட் உதிர்ந்தது. அது பழைய அடியின் மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்படி இருக்கையில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீட்டுக்கு மூலை சோபா கொண்டுபோக வேண்டியிருந்தது. தூக்க ஆள் போதவில்லை. மனைவிதான் தம்பியைக் கூப்பிட்டாள். அக்காவுக்காக வருகிறேன், அந்த வண்டியில் மட்டும் ஏற மாட்டேன் என்றான். சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். முன்சீட்டில் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள், நொடிக்கொரு தரம் பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் தலைக்கு மேலே படபடவென்று ஒரு சத்தம். சோபா மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறை கிழிந்துவிட்டது என்று சோபாக்காரர் நினைத்தார். ஓரம்கட்ட இடம் தேடுவதற்குள், பாய் அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ ஒன்று மேலே எழும்பிச் சுழன்றது.

மனைவியின் கை அவர் தொடையை இறுக்கிப் பிடித்தது. "நிறுத்துங்க," என்றாள்.  "தம்பி விழுந்துட்டான்."

இறங்கி ஓடினார்கள். பின்னால் வந்த கார்காரர் சட்டென்று குறுக்கே நிறுத்தி மற்ற வண்டிகளைத் தடுத்திருந்தார். மோட்டார் சைக்கிள் சாலையோர மண்ணில் கிடந்தது. சுருட்டை மல்லாந்து கிடந்தான். ஹெல்மெட்டை மூடியிருந்ததை ஒரு கையால் பிய்த்துப் போட்டிருந்தான். மற்றொரு கை அசையவில்லை.

"மாமா, ஒண்ணுமே தெரியல. உறையைச் சரியா கட்டலயா?" என்றான்.

சோபாக்காரர் குனிந்து அந்த வெள்ளையை எடுத்தார். பிளாஸ்டிக் இல்லை. துணியும் இல்லை. முட்டை ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தோலைப்போல மெல்லிசாக, வளைகிற மாதிரி, ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. தினமும் தன் கையால் துடைத்த பளபளப்பு. அவருக்குப் புரியவில்லை. திரும்பி வண்டியைப் பார்த்தார். கூரையில் பாதிக்கு மேல் வெள்ளையே இல்லை. சாம்பல் நிறத்தில், தோலுரித்ததுபோல் கிடந்தது. காற்று அடிக்க அடிக்க ஓரங்களில் மிச்சப் பெயின்ட் எழும்பி எழும்பி ஆடியது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். கார்காரர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மனைவி தம்பியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்திருக்கும் கணவரையும் அவர் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சுருட்டைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். கூரையில் எந்தக் கல் தெறிக்கும்? எந்த லாரி தெறிக்க வைக்கும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் சோபாக்காரர் இதையே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கணவனும் மனைவியும் ஷோரூமுக்குப் போனார்கள். மேனேஜரே வெளியே வந்தார். பறவை எச்சம், கடும் வெயில், மட்டமான சோப்பு என்று வரிசையாகக் காரணம் சொன்னார். கூரையில் மட்டும் எப்படியோ இப்படி ஆகிவிட்டது, மற்ற இடமெல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அதைக் காட்டுவதற்காக, பார்சல் ஒட்டும் டேப்பை வரவழைத்துக் கதவின் நடுவில், ஒரு கீறல்கூட இல்லாத இடத்தில், ஒட்டி இழுத்தார்.

டேப்போடு பெயின்டும் வந்தது.

மேனேஜர் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.  பிறகு யாரையும் பார்க்காமல் ஷோரூமுக்குள் நடந்து, விற்பனைக்கு நின்ற புது பிக்கப் ஒன்றின் கதவில் அதேபோல் ஒட்டி இழுத்தார். கண்ணாடிக்கு வெளியே நின்ற இருவருக்கும், அதிலும் வெள்ளை உரிந்ததும் அவர் தோள்கள் தொங்கிப்போனதும் தெரிந்தன.

அதன்பிறகு விஷயம் மளமளவென்று நடந்தது. வண்டியை முழுக்கச் சுரண்டி, அடிப்பூச்சிலிருந்து புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். அதே வெள்ளையில் வண்டி வாங்கிய மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள் என்று சோபாக்காரர் கேள்விப்பட்டார். ஆனால் பெயின்ட் வாசனை போகாத அந்த வண்டியைப் பார்க்கும்போது அவருக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. துடைக்கிற துணியை எங்கே போட்டார் என்றும் தெரியவில்லை.

சுருட்டை கைக்குக் கட்டுப் போட்டுக் கழுத்தோடு தொங்கவிட்டபடி வீட்டில் இருந்தான். சோபாக்காரர் பழம் வாங்கிக்கொண்டு மனைவியோடு போனார்; அவள் காபி போட உள்ளே போய்விட்டாள்.  சொல்ல வந்ததை விட்டுவிட்டு மருந்து பற்றிக் கேட்டார், மின்விசிறி பற்றிக் கேட்டார். கடைசியில் அவனே சிரித்துவிட்டான்.

"விடுங்க மாமா, எனக்குப் புரியுது. குடோன் வேலையே எனக்குச் சரியா இருக்கு, திரும்பக் கூப்பிடாதீங்க. மன்னிப்புக் கேக்கணும்னா அக்காகிட்ட கேளுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நசுங்கினது அவதான்."

 திரும்பும் வழியில் சிக்னல் தாண்டியதும் சோபாக்காரர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்து, அன்று கடையில் நான் பேசியது தப்பு என்றார். உன் முகத்தைக்கூட நினைத்துப் பார்க்கவில்லை என்றார். 

அவள் பக்கக் கண்ணாடியில் ஒரு தரம் பின்னால் பார்த்தாள்.

"சரி, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.