கோபிநாத்தின் வலது பக்கம்

1991இல் எழிலரசி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் பிசியோதெரபி பார்த்துவந்தாள். வலிக்கிற இடத்தோடு அவள் நிறுத்தமாட்டாள். வந்தவரை நிற்கவைத்து உச்சி முதல் பாதம் வரை பார்ப்பாள். முதுகு வலித்தால் காரணம் குதிகாலிலும் இருக்கலாம் என்பாள்.

மறைமலை நகரில் லேத் ஓட்டும் கோபிநாத் முதுகுவலி என்று வந்தார். வலது தோள் நன்றாகத் தாழ்ந்திருந்தது. அந்தக் கை உடம்பைவிட்டு விலகி, விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தன.

"இந்தக் கையில வெயிட் தூக்குவீங்களா சார்?"

"இல்ல டாக்டரம்மா. சும்மாதான் கீது."

பாதம், இடுப்பு, விலா என்று வாராவாரம் இளக்கிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த உள்ளங்கை மட்டும் சூடாக வேர்த்தது.

ஒரு சனிக்கிழமை காலை தோள்பட்டைக்கு அடியில் அழுத்தியபோது மடங்கிய விரல்கள் சட்டென்று விரிந்தன. அதே நேரம் மாடிப்படியில் சின்னக் கால்கள் தடதடவென்று இறங்கும் சத்தம். எழிலரசி ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கோபிநாத் எழுந்து நின்றபோது இரண்டு தோள்களும் சமமாக இருந்தன.

திங்கட்கிழமை மனைவி பூர்ணிமாவோடு வந்தார்.

"பழையபடி ஆக்கிவுட்ருங்க டாக்டரம்மா," என்றார்.

"வலி இருக்கா?"

"வலியே இல்ல."

"ராவெல்லாம் கதவாண்ட ஒரு கொயந்த அழுவுது. நானும் கேட்டேன். தொறந்தா யாரும் இல்ல," என்றாள் பூர்ணிமா.

கோபிநாத் தலைகுனிந்தார். "என் தங்கச்சி மீனம்மா. அஞ்சு வயசுல காய்ச்சல்ல போய்ட்டா. நான்தான் கையப் புடிச்சி இஸ்கூலுக்கு இட்டுகினு போவேன். அவ போனப்புறமும் கூட வர்ற மாதிரியே இருக்கும். வெறும் நெனப்புன்னு இருந்தேன்."

எழிலரசி அவருடைய வலது கையைப் பார்த்தாள். "எனக்கு நேராக்கத்தான் சார் தெரியும்," என்றாள். பிறகு மெல்ல, "அன்னிக்கு யாரோ படியிறங்கிப் போன சத்தம் கேட்டுச்சு," என்றாள்.

அவர் கீழே இறங்கினார். எழிலரசி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடை வாசலில் குனிந்து, வலது கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மெல்ல அவர் விரல்கள் மடங்கின. தோள் இறங்கியது. பிறகு சின்னச் சின்ன அடியாக வைத்து ரோட்டைக் கடந்தார்.

அடுத்த மாதம் பூர்ணிமா அவருக்கு வலி மாத்திரை வாங்கக் கீழே கடைக்கு வந்தபோது எழிலரசி கேட்டாள்.

"இப்ப சத்தம் இருக்கா?"

"இல்ல டாக்டரம்மா. ஆனா நான் அவரு வலது பக்கம் நடக்கறதே இல்ல."