ஊர் மாற்றிய கவிதை

மெக்சிகோவின் லிபரல் அரசு பிரெஞ்சுப் படைக்குத் தப்பி வடக்கே வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. கவிஞரும் அமைச்சருமான லியாந்த்ரோவுக்கு அதில் ஒரே வேலைதான். ஊருக்கு ஊர் மேடையேறி ஒரு வாழ்த்துக் கவிதை வாசிப்பார். மனம் குளிர்ந்த ஊரார் வண்டி இழுக்கக் கோவேறு கழுதைகள் தருவார்கள். எல்லா ஊருக்கும் கவிதை ஒன்றே. ஊர்ப்பெயரை மட்டும் மனைவி பிரிகிதா அழித்துவிட்டுப் பென்சிலால் புதிதாக எழுதித் தருவாள்.

“எனக்குக் குடுத்த காதல் கவிதையிலயும் இப்படித்தான் பேரை மாத்தினீங்களா?” என்று சிரிப்பாள்.

சான் இலாரியோவில் காய்ச்சல் கண்டு அவள் இறந்தாள். அடுத்த ஊரான லா நோரியாவில் லியாந்த்ரோ மேடையேறி, கைகளை விரித்து முழங்கினார்: “சான் இலாரியோவே, வீரத்தின் தாயே!”

கூட்டம் கொந்தளித்தது. கழுதைகளின் சொந்தக்காரி நிக்கானோரா கத்தினாள்: “எங்க சோள ரொட்டியைத் தின்னுட்டு அந்தத் திருட்டுப் பயலுக ஊரையா புகழ்றீரு? போய் அவனுங்ககிட்டயே கழுதை கேளும்!”

“தப்புதான், தாயி. பேரை மாத்துறது என் வீட்டுக்காரி. அவளை அங்கதான் புதைச்சுட்டு வந்தேன்.”

நிக்கானோரா தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். “கழுதையைப் பூட்டுங்கடா,” என்றாள். “கவிஞரே, மிச்சத்தை மட்டும் வாசிச்சுராதீரு.”

இத்தனை வருட மேடை வாழ்வில் யாரையாவது அசைத்த தன் பேச்சு நிக்கானோராவிடம் சொன்ன அந்தப் பதில் ஒன்றுதான் என்று வண்டியில் லியாந்த்ரோ எண்ணிக்கொண்டார். அதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. பென்சிலை எடுத்தார். சான் இலாரியோவை அழிக்கக் கை வரவில்லை. அதனால் அந்தக் கவிதையை அவர் அதன்பின் எங்கும் வாசிக்கவில்லை. வடக்கே மிச்சமிருந்த ஊர்களுக்கெல்லாம் பிரிகிதா செய்த உபகாரம் அது.