பருப்பு மண்டியில் பத்தியம்

...அப்படியென்றால் நாச்சியார்தான் போடுகிறாள், வேறு யார் போடுவார்கள், அவருக்கென்று தனியாக வைக்கும் குழம்பில் பருப்பு தானாக நடந்துவந்து விழுமா, ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாரே ஒரு பார்வை, பீடி குடித்து மாட்டிக்கொண்டவனைப் பார்ப்பது மாதிரி, "யூரியா குறஞ்ஞில்லல்லோ, பருப்பு தொடருதுன்னு பறஞ்சதல்லே" என்று, இரத்தத்தில் யூரியா குறையவில்லையே, பருப்பைத் தொடாதே என்று சொன்னேனே என்று மலையாளத்தில். தொட்டால்தானே ஐயா? சாலைக் கடைத்தெருவில் பருப்பு மண்டி வைத்திருக்கிற தாணுமாலையன் பருப்பைத் தொடுவதில்லை என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். பருப்பில்லாமல் கல்யாணமா என்பார்கள், இவருக்குக் கருமாதிகூடப் பருப்பில்லாமல்தான் போலிருக்கிறது. கறியையும் மீனையும் விட்டாயிற்று. தின்ற பருப்பும் கறியும் குடலில் கிடந்து அழுகுமாம், அந்த விஷம் இரத்தத்தில் ஏறுமாம், அதை அரித்து வெளியே தள்ள வேண்டிய சிறுநீரகம் அவருக்குப் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டதாம், ஆகவே விஷம் போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே சுற்றுமாம்... இதைக் கேட்ட நாளிலிருந்து தன் வயிற்றைத் தொடவே அவருக்கு அருவருப்பு. வயிறு கட்டக்கூடாதாம், தினமும் இளகிப் போக வேண்டுமாம், காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டுமாம், போதாததற்குக் கரி மாத்திரை, மனிதன் தின்கிற சாமானா அது? எல்லாவற்றுக்கும் தலையாட்டியாயிற்று. இருந்தும் யூரியா இறங்கவில்லை. இன்னும் ஏறினால் வேலூருக்குப் போய் இரத்தத்தை மெஷினில் விட்டுக் கழுவ வேண்டும், அதுவும் எத்தனை நாளைக்கோ.

"மொதலாளி, இதப் பாருங்க, விருதுநகர் சரக்காக்கும்" என்று தரகர் யோசுவா சாக்கின் வாயைப் பிரித்தார். கை தானாக உள்ளே போய் வந்தது. "பழசு கலந்திருக்கு ஓய், அடுத்ததக் காட்டும்" என்று சொல்லும்போதே மனம் மறுபடி நாச்சியாரிடம் போய் நின்றது. கட்டிய பெண்டாட்டி. ருசிக்கு ஒரு கை போட்டால் என்ன என்று நினைத்திருப்பாள், பாசம், பாசத்தால்தான் கொல்லுகிறாள். காலையில் சாமி படத்துக்கு முன்னால் பருப்பு போடவில்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னார். அவள் பண்ணவில்லை. "நம்பிக்கை இல்லேன்னா நாளையிலேர்ந்து நீங்களே பொங்கிக்கிடுங்க" என்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்தானே? அழுதாலாவது தேவலை, அழவும் இல்லை. இந்த வெயிலில், இந்தச் சாக்குத் தூசியில், வாயெல்லாம் இரும்பு நாறுகிற இந்த நேரத்தில் மனிதன் யாரைத்தான் நம்புவது?

இதோ வந்துவிட்டாள், தூக்குவாளியும் கையுமாக. ஸ்டூலில் வைத்தாள், வடித்த சுரைக்காயும் சோறும், வேறென்ன இருக்கப்போகிறது. அவர் யோசுவா பிரித்த அடுத்த சாக்கைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டார்.

"என்ன மெல்லுதிய?"

யாரைக் கேட்கிறாள்? அவரையா? தாடை பாதியில் நின்றது. நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே துவரம் பருப்பு, ஒரு சிட்டிகைக்கு மேலேயே இருக்கும். காலையிலிருந்து எத்தனை சாக்கு, இந்த மாதம் முழுக்க எத்தனை... மெல்லாமல் ஈரம் எப்படித் தெரியும், பழசு எப்படித் தெரியும், முப்பது வருஷமாக இந்தத் தெருவில் எவன் மெல்லாமல் விலை சொன்னான்?

"ஏட்டி, இது சாப்பாடா? யாவாரம்லா" என்றார்.

"வயித்துக்குள்ள போனா அதுக்கு யாவாரம்னு தெரியுமாக்கும்."

வாசலுக்குப் போய்த் துப்பினார். எரிச்சலாக வந்தது, அவள்மேலும் இல்லை, யோசுவாமேலும் இல்லை, இந்தக் கைமேல், இந்த வாய்மேல். டாக்டர் தொடாதே என்றபோது குழம்பைத்தானே நினைத்தார், இந்தக் கை போய் வரும் சாக்கை நினைக்கவே இல்லையே? திரும்பி வந்தால் யோசுவா காத்துக்கொண்டிருக்கிறார், எடுக்கவா தள்ளவா, லோடு வெளியே நிற்கிறது. பருப்பை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனார், சாக்கு வாசம்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு பருப்பு பார்க்க அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கையை நாச்சியாரிடம் நீட்டினார். "நீ மென்னு பாத்துச் சொல்லு. ஈரமா, இல்லையா?"

அவள் நாலு மணியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி மெல்ல ஆரம்பித்தாள், அவசரமே இல்லாமல். அவள் என்ன சொன்னாலும் அதுதான் விலை, ஒரு லோடு சரக்கு அந்த ஒரு சொல்லில் நிற்கிறது, அவள் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை... சத்தியம் பண்ணு என்று இனி எந்த வாயால் கேட்பது?