எடைமேடைக்கு ஒரு பழைய மதர்போர்டு

1

இந்தக் கதை ஒரு சந்தனக் கிண்ணத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. கம்ப்யூட்டரைப் பற்றிய கதையில் சந்தனத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் கம்ப்யூட்டரும் அதைத்தான் கேட்டது, ஒரே ஒரு 'டப்' சத்தத்தில்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'குடவாசலின் மேற்கு வானில் செங்கதிரோன் சாய்ந்துகொண்டிருந்த அந்தப் பொன்மாலைப் பொழுதில்' (அடித்துவிட்டேன். நடந்தது காலை ஒன்பதே காலுக்கு.)

'தாராளமயமாக்கலின் விளைவாகக் காவிரிப் படுகை மாவட்டங்களில்' (இதையும். நீங்கள் கொட்டாவி விட்டது இங்கே வரை கேட்டது.)

'என் அக்கா மதுரத்துக்கு ஐம்பத்தெட்டு வயதில் சொந்தமாக ஒரு எடைமேடை இருந்தது.'

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

2

எடைமேடை என்றால் லாரியை அப்படியே மேலே ஏற்றி எடை போடும் இடம். அக்காவுடையது கும்பகோணம் சாலையில் இருக்கிறது. நெல் லாரி மேடையில் ஏறி நிற்கும். பக்கத்துக் கண்ணாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் எடையைப் படித்து, கரகரவென்று சீட்டு அச்சடிக்கும். வங்கிகளில் விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை அனுப்பிய வருடத்தில் அத்திம்பேர் அந்தப் பணத்தில் போட்டது. போட்ட மூன்றாம் வருடம் அவர் போய்விட்டார். அன்றிலிருந்து அக்காதான் நடத்துகிறாள்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். கதாபாத்திரமாக அக்கா ஒத்துவர மாட்டேன் என்கிறாள். கணவன் இல்லை, ஒரே மகன் டாலஸில், ஊரில் தனியாக ஒரு பெண்மணி. இந்நேரம் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இவளோ நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மைக்கில் லாரிக்காரனை அதட்டுகிறாள். எடை கூடட்டும் என்று வண்டிக்குள் எவனாவது படுத்திருந்தால், "எழுந்து இறங்குப்பா, கால் தெரியறது!" என்பாள். கால் தெரியாது. ஆனாலும் அவன் இறங்கிவிடுவான்.

மகன் ஹரிசங்கர் ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் போனில் ஒரே பாட்டு.

"அம்மா, அந்தத் தராச யாருக்காவது குடுத்துட்டு இங்க வந்துடேன்."

"தராசு இல்லடா, எடைமேடை. நாப்பது டன் தாங்கும். உன் வீட்ல அப்படி என்ன இருக்கு?"

அவன் பேச்சை வெயிலுக்கு மாற்றிவிடுவான். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏனென்றால் அக்கா போய்விட்டால் குடவாசலில் என்னைத் திட்ட ஆளில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை, மாலையில் கதை. இரண்டையும் பொறுத்துக்கொள்ளும் ஒரே ஜீவன் அவள்தான்.

3

2011. குறுவை அறுப்பு உச்சத்தில் இருந்தது. நடுவில் வந்தது ஆயுத பூஜை.

அன்று எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்து, மறுநாள் விஜயதசமி காலை நல்ல நேரத்தில் ஓடவிட வேண்டும். எடைமேடைக்கு மாலை, எடைக்கற்களுக்குக் குங்குமம், கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம். வருடாவருடம் செய்வதுதான். அந்த வருடம் மட்டும், பத்து வருடமாக அங்கே ஆப்பரேட்டராக இருக்கும் நல்லக்கண்ணு ஒரு காரியம் செய்தான். வெறும் தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன பயன், உழைப்பவன் உள்ளே அல்லவா இருக்கிறான் என்று திருகாணியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து

4

நிறுத்துகிறேன்.

மேலே உள்ள பகுதியை நல்லக்கண்ணு படித்துவிட்டான். "சார், பழியப் போடறதுன்னா போடுங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடக் கூடாதா?" என்றான். நியாயம்தான்.

திறந்தது நான். சாமிக்குச் சந்தனம் சாத்தும்போது மதில் சுவருக்கா சாத்துகிறோம்? அந்த யோசனை வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உள்ளே ஒரு பச்சைப் பலகை. அதுதான் மதர்போர்டு, மற்ற எல்லாம் அதன்மேல்தான் செருகியிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அதன் நாலு மூலையிலும் நடுவிலும் குழைத்த சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். மறுநாள் காலை, பெட்டியை மூடுமுன், மங்களகரமாகக் கொஞ்சம் பன்னீரும் தெளித்தேன்.*

ஒன்பதே கால். கற்பூரம் காட்டி அக்கா சுவிட்சைப் போட்டாள். டப். அறை முழுக்கச் சந்தன வாசனை. அப்புறம் வேறு வாசனை.

பெட்டியைத் திறந்து பார்த்த அக்கா, நல்லக்கண்ணுவைப் பார்க்கவே இல்லை. "அவன் பொட்டு இப்படிக் கோணலா வைக்க மாட்டான். சாமா, நீயா?"

நான் தலையை ஆட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே ஏழு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்து முடித்துவிட்டு, ஏழு டிரைவரிடமும் போய் வேறு மேடைக்குப் போகச் சொன்னாள். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்று ஹரி போனில், "அம்மா, இது தெய்வமே சொல்றது" என்றான். பெட்ரோல் பங்க் துரைராசு அந்த இடத்துக்கு இரண்டு வருடமாக அலைகிறார். அக்கா சொன்னாள்: "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஓடலேன்னா துரைராசுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

நாலு நாள். என் கோணல் பொட்டுக்கு அக்காவை அமெரிக்கா அனுப்பும் சக்தி உண்டு என்று அப்போதுதான் விளங்கியது.

* பன்னீர் விஷயம் அக்காவுக்கு இதுவரை தெரியாது.

5

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நௌஷாத்தின் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர். படி ஏறுகிறவர்களின் செருப்புச் சத்தத்துக்குக் கீழே குனிந்தே வாழ்ந்து அவனுக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போர்டைப் பார்த்தான். முகர்ந்தான்.

"அபிஷேகம் பண்ணீங்களா சார்?"

"புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமேப்பா."

"கம்ப்யூட்டர் புதுசு கிடைக்கும். உங்க எடைமேடை வயர் வந்து சேர்ற கார்டு பழசு. அதச் சொருக நீளமா கருப்புப் பொந்து வேணும். இப்ப வர்ற போர்டுல கருப்பே கிடையாது, எல்லாம் வெள்ளப் பொந்து. கார்டு செஞ்ச கம்பெனிய மூடிட்டுப் போயிட்டாங்க."

ஆக எங்களுக்குத் தேவை ஒரு கருப்புப் பொந்து. (இந்த வாக்கியத்தை இலக்கியத்தில் முதலில் எழுதியவன் நான்தான் என்று நினைக்கிறேன்.)

வெள்ளிக்கிழமை முழுக்க அலைந்தோம். வாடகைக் காரில் அக்கா முன் சீட்டில், நானும் நௌஷாத்தும் பின்னால். ஒரு டியூட்டோரியல் காலேஜில் பழைய கம்ப்யூட்டர்மேல் குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. தொட்டியைத் தூக்கி, பெட்டியைத் திறந்தால் வெள்ளை. ஒரு கல்யாண மண்டபத்தில் வெள்ளை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பெட்டிக்குள் போர்டே இல்லை, ரசீதுக் கட்டு இருந்தது. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கருப்புப் பொந்து கிடைத்தது! நாங்கள் மூவரும் கைதட்டினோம். பொந்துக்குள் பல்லி முட்டையும் இருந்தது. துடைத்து, கரண்ட் கொடுத்ததும் புகை வந்தது. கைதட்டியதை யாரும் பார்க்கவில்லை என்பது போல வெளியே வந்தோம்.

வண்டி கிளம்பியது. அக்கா கண்ணாடியை இறக்கி, அறுத்துப்போட்ட வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் நௌஷாத் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

"எங்க சாச்சி வீட்ல ஒண்ணு இருக்கு சார். யாரும் தொட்டதே இல்ல."

6

அதிராம்பட்டினம். நௌஷாத்துக்குச் சித்தி முறை, ஜன்னத் பீவி. கணவர் நெய்னா முகம்மது இருபத்தாறு வருடமாகத் துபாயில். வீட்டுக் கூடத்தில் தனி மேசைபோட்டு, ஜரிகை வைத்த வெல்வெட் உறைக்குள் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. உறையை நீக்கினால் திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கவில்லை.

"ஷிஃபா வாப்பா தொண்ணுத்தொம்பதுல கொண்டாந்தாங்க" என்றார் ஜன்னத் பீவி, மகள் பேரைச் சொல்லிக் கணவரைக் குறிப்பிட்டு. "முறையா ஆள் வெச்சுக் கத்துக்கிட்டுத்தான் தொடணும்னு சொல்லிட்டுப் போனாங்க. ஆளும் வரல, நாங்களும் தொடல. ஷிஃபாவுக்குக் கல்யாணமே ஆயிருச்சு. நான் தூசி மட்டும் தட்டுறேன், வெள்ளிக்கு வெள்ளி."

நௌஷாத் பெட்டியைத் திறந்தான். உள்ளே நேற்று செய்தது போன்ற பச்சைப் பலகை. அதில் கருப்புப் பொந்து, ஒன்றல்ல, இரண்டு! நான் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணினேன்.

அக்கா மெல்லக் கேட்டாள், "என்ன வேணும்னு சொல்லுங்கோ, தந்துடறேன்."

"விக்கிறதுக்கு இல்லீங்க."

அக்கா சரி என்று எழுந்தாள். செருப்பைத் தேடும்போது அவள் கால் தடுமாறியது. அதை நான் பார்த்தேன், ஜன்னத் பீவியும் பார்த்தார்.

"எதுக்குங்க இது இவ்வளவு அவசரம்?"

அக்கா சொன்னாள். எடைமேடை, திங்கட்கிழமை, டாலஸ், எல்லாம். என் சந்தனத்தையும் விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஜன்னத் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி. உள்ள இருக்கறத எடுத்துக்குங்க. கூடு இங்கயே இருக்கட்டும்."

"அவர் வந்து கேட்டா?"

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நாப்பது நாள் வர்றவங்க. வெளியதான் பாப்பாங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கும் நௌஷாத்துக்கும் இடமில்லை, நாங்கள் திருகாணிகளைப் பொறுக்கினோம். காலிக் கூட்டை மூடி, வெல்வெட் உறையைப் போட்டு, ஜன்னத் பீவியே ஜரிகையை நேராக்கினார்.

"ஆனா நானும் வருவேன். பன்னெண்டு வருசம் தொடச்ச சாமான். அது என்ன வேலைதான் செய்யும்னு ஒரு தடவயாச்சும் பாக்கணும்."

7

ஞாயிற்றுக்கிழமை. இங்கே உங்களுக்கு இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

(அ) போர்டு ஓடவில்லை. மழை பிடித்துக்கொள்கிறது. அக்கா நனைந்தபடி மேடையில் நிற்கிறாள். (பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும்.)

(ஆ) போர்டு ஓடுகிறது. அதே கணம் துபாயிலிருந்து நெய்னா முகம்மது வந்து இறங்குகிறார். (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

நடந்தது இது. நௌஷாத் போர்டை மாட்டி, கார்டைக் கருப்புப் பொந்தில் அழுத்தி, சுவிட்சைப் போட்டான். 'பீப்' என்றது. திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. நல்லக்கண்ணு பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், வெளிப்பக்கம் மட்டும். ஆனால் எடையைச் சோதிக்க லாரி இல்லை.

"ஏறுங்கோ" என்றாள் அக்கா.

நானும் அக்காவும் ஜன்னத் பீவியும் மேடையில் ஏறி நடுவில் நின்றோம். நாற்பது டன் தாங்கும் மேடை, எங்களுக்காக அசையக்கூட இல்லை. உள்ளேயிருந்து மைக்கில் நல்லக்கண்ணு, "ஆடாம நில்லுங்க, சார், உங்களத்தான்!" என்றான். கரகரவென்று சீட்டு வந்தது. மூன்று பேர் சேர்ந்து நூற்றுத் தொண்ணூறு கிலோ. தேதி, ஜனவரி 1, 1980. பன்னிரண்டு வருடம் சும்மா கிடந்த போர்டுக்குத் தேதி மறந்துபோயிருந்தது.

"என்னது மட்டும் எவ்வளவு?" என்றார் ஜன்னத் பீவி.

"சொல்லாது. இங்க எல்லாம் மொத்த எடைதான்" என்றாள் அக்கா.

1980 என்றால் அக்காவுக்கு இருபத்தேழு வயது. நாங்கள் மூவரும் அந்தத் தேதியைப் பார்த்துப் பைத்தியம் பிடித்ததுபோல் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அலறியது. நெல் லாரி. "எறங்குங்கம்மா, வரிசையில நாலு வண்டி நிக்குது!"

மறுநாள் துரைராசு முத்திரைத்தாளோடு வந்தார். அக்கா காபி கொடுத்து அனுப்பிவைத்தாள். நான் 'முற்றும்' என்று எழுதிப் பேனாவை மூடினேன்.

8

அடுத்த ஞாயிறு ஹரி போன் செய்தான். அவன் பாட்டை ஆரம்பிக்கும் முன்பே அக்கா சொன்னாள், "டிக்கெட் போடு."

நான் கேட்டேன், கத்தியே கேட்டேன், இதற்காகவா பல்லி முட்டையெல்லாம் துடைத்தோம் என்று.

"நின்னு போனதப் போட்டுட்டு ஓடிப்போக முடியாதுடா. இப்போ ஓடறது. நல்லக்கண்ணு பாத்துப்பான்." போனை முந்தானையால் துடைத்து வைத்தாள். "ஹரி எனக்குன்னு ஒரு ரூம் அஞ்சு வருஷமா வெச்சிண்டிருக்கான். புதுப் படுக்கை விரிப்பாம், யாரும் படுக்கறதில்லையாம். சனிக்கிழமை சனிக்கிழமை அவனே தூசி தட்டறானாம். அதிராம்பட்டினம் போய்ட்டு வந்தப்புறம் எனக்கு அதே ஞாபகமா இருக்கு."

"எப்போ திரும்பி வருவே?"

"போனாத்தானே தெரியும்."

இதுதான் முடிவு என்று நீங்கள் நினைக்கலாம். நல்ல முடிவுதான். நியாயமான முடிவுகூட. எனக்கு வேண்டாம். எனக்கு அக்கா இங்கேயே இருக்க வேண்டும். இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. போன வாரம் அவள் சொன்னாள், "என்னப் பத்தி எழுதறயாமே. முடிச்சுக் குடு, படிச்சுட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவேன்." சொன்ன சொல்லை என் அக்கா மாற்றியதில்லை. விமானம் இந்த ஞாயிறு, திருச்சியிலிருந்து. இன்று வெள்ளி.

சற்றுமுன் வாசலில் வந்து நின்றாள். "முடிஞ்சுதாடா?"

"இன்னும் இல்லக்கா."

"ஒரு புள்ளி வைக்க இத்தன நாளா? இங்க குடு, நானே வெச்சுக்கறேன்."

நான் தாள்களின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன், ஐம்பத்துநாலு வயதில். அவள் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அவள் போகலாம், போய்த் திரும்பலாம், போகாமலே இருக்கலாம். உங்கள் இஷ்டம். ஆனால் அவள் உங்களிடம் கேட்டால், கதை இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை. இதோ, எடைமேடையில் ஒரு லாரி ஏறுகிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது, அதற்கும் பின்னால்