கீபோர்டு இல்லாமல் போன கம்ப்யூட்டர்

சிபியூவை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்து சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினான் மாசானம். மானிட்டர் ஷாரோனின் மடியில். பழைய பெட்டி மானிட்டர். சினை எருமையைவிட ஒரு படி எடை குறைவு, அவ்வளவுதான்.

“அந்தக் கம்பெனிக்காரன் கேக்க மாதிரி ஃபைல அனுப்பிட்டுப் போயேன் பிள்ள” என்றான் மாசானம், பட்டறையில் கூட வேலை பார்க்கும் தென்காசிப் பக்கத்து ஆள்.

“அது மட்டும் மாட்டேண்ணா. வண்டிய எடு.”

போன வருஷம், அதாவது 2012-ல், பக்கத்து லேத் பட்டறையில் திருட்டு சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று டை கட்டிய இருவர் சோதித்துவிட்டுப் போனதிலிருந்து பிள்ளைப்பாக்கம் பட்டறை முதலாளி தசரதனுக்குச் சோறு இறங்கவில்லை. குன்றத்தூரில் ஞாயிறுதோறும் கூடுகிற கட்டற்ற மென்பொருள்காரர்களிடம் சிடி வாங்கிவந்து, எக்செலுக்குப் பதிலாக இலவச லிப்ரே ஆபீஸை ஏற்றியவள் அங்கே பாகங்களை அளந்து ரிப்போர்ட் எழுதும் ஷாரோன்தான். காசும் வேண்டாம், களவும் வேண்டாம் என்றாள். தசரதன் ஒரு நிபந்தனை வைத்தார். ஃபைலால் ஒரு லோடு திரும்பி வந்தாலும், அவளுக்கு அன்றோடு வேலை இல்லை.

இன்று நாலாயிரம் இரும்பு பிராக்கெட் ஒரகடத்துக் கம்பெனியில் லாரியை விட்டு இறங்காமல் நின்றது. வெண்டர்கள், அதாவது வெளிப் பட்டறைகள், அனுப்பும் சரக்கை அங்கே பார்த்து வாங்கும் நம்பிராஜனின் கம்ப்யூட்டரில் அவள் ஃபைல் திறக்கவில்லை. மாற்றி அனுப்பினாள், கட்டங்கள் சரிந்து கையெழுத்து மூன்றாம் பக்கத்துக்கு ஓடியது. பிடிஎஃப் அனுப்பினாள். அது தாமரைபோல் திறந்தது. அதற்குத்தான் அவருக்கு வந்தது கோபம், அதில் எண்ணைத் திருத்த முடியாதாம்.

அந்த வட்டாரம் முழுக்க அறிந்த ரகசியம் அது. நம்பிராஜன் பாகத்தை அளப்பதில்லை, ரிப்போர்ட்டைத்தான் அளப்பார். 12.18 மில்லிமீட்டர் என்றிருந்தால், வரைபடம் அதை அனுமதித்தாலும், 12.00 ஆக்குவார். ஆடிட்டுக்கு வருகிறவர் கண்ணுக்குக் குளிர்ச்சி. அடியில் கையெழுத்து மட்டும் வெண்டருடையது. சரியான ஃபைல் நாலு மணிக்குள் தன் மேஜைக்கு வராவிட்டால் லோடு திரும்பும் என்று போனை வைத்துவிட்டார்.

மேஜைக்குத்தானே, வந்தது. கேட்டில் செக்யூரிட்டி இரண்டு ரிஜிஸ்டர்களைப் புரட்டினார். கம்ப்யூட்டர் உள்ளே போவதற்குக் கட்டமே இல்லாததால் ‘சாம்பிள்’ என்று எழுதி உள்ளே விட்டார். உள்ளே பென் டிரைவோடு ஏழெட்டு வெண்டர் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரையும் தாண்டி, பிள்ளையார் ஊர்வலம்போல் மானிட்டர் வந்து நம்பிராஜன் மேஜையில் அமர்ந்தது. ஃபைல் திறந்தது. ஒரு கட்டம்கூட நகரவில்லை.

நம்பிராஜன் தேடினார். “கீபோர்டு எங்கம்மா?”

“எடுத்துனு வரல சார். படிக்கறதுக்கு மவுஸே போதும்.”

வரிசையில் யாரோ இருமினார்கள். பாதிதான் இருமல், மீதி சிரிப்பு.

“விளையாடுறியா? லோடு திரும்பினா உன் வேலை போகும், தெரியுமில்ல?”

“தெரியும் சார். ஆனா நான் அளந்தத நான் எழுதிகீறேன். நீங்க மாத்தணும்னா நீங்களே அளங்க. அளந்துட்டு, கீழ உங்க கையெழுத்த போடுங்க.”

பையிலிருந்து ஒரு பிராக்கெட்டை எடுத்து அவர் முன் வைத்தாள். வரிசையில் முன்னால் நின்றவர் பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நம்பிராஜன் டிராயரைத் திறந்து, அளக்கும் வெர்னியரை எடுத்து, சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். அதன் நகரும் தாடை அசையவில்லை. வருஷக்கணக்காய்ப் பிரிக்காத எண்ணெய்த்தாளின் பிசின் அதில் ஒட்டியிருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டைவிரலால் அதை அவர் தள்ளிக்கொண்டே இருந்தார்.