சனிக்கிழமை மக்கர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சொல்லிவைத்தாற்போல, பிரஸ் நின்றுபோனது. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை பசுமாடு மாதிரி இருந்துவிட்டு, ஆட்கள் வரிசையில் நிற்கிற நாளாகப் பார்த்து மக்கர் செய்ய அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. கன்னிகா கைப்பிடியைத் தூக்கினாள், இழுத்தாள். 'டக்' என்று விழவேண்டிய கேப் விழவில்லை.

சந்திரகிரிக் கோட்டை மலை ஜன்னலில் தெரியும் அந்த அறை, ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் தோட்டா அறை. லைசென்ஸ், சீல், பூட்டு எல்லாம் முறையாக உண்டு. வெளியே மைதானத்தில் சிவப்புக் களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடுவார்கள். சுட்டு முடித்த காலிக்கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தால், கன்னிகா அவற்றை இந்த இத்தாலி பிரஸ்ஸில் வைத்து மறுபடி நிரப்புவாள். கேப் என்பது துவரம்பருப்பு அளவில் ஒரு பித்தளைப் பொடிசு. தோட்டாவின் அடியில் அது உட்கார்ந்தால்தான் மருந்து பற்றும். அது ஒரு சின்னப் பள்ளத்தின் வழியே உருண்டு வந்து விழவேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் ஆறு வாரமாகத் தகராறு.

வாசலில் கிளப் செகரட்டரி நாகபூஷணம் வந்து நின்றார்.

"ஏமம்மா, மள்ளீ ஆகிப்போயிந்தா?" மறுபடி நின்றுபோய்விட்டதா என்று தெலுங்கில் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் தமிழுக்கு மாறினார். "ஹர்ஷினி அங்க துப்பாக்கிய வெச்சுக்கினு தேமேன்னு நிக்குது. ஸ்டேட் செலக்‌ஷனுக்கு இன்னும் ஒரு மாசம்தான். எத்தினி நாளைக்கு இந்தக் கத?"

"பாத்துக்கினு இருக்கறேன் சார். மெஷின்ல இன்னாவோ கோளாறு. இத்தாலிக்கு மெயில் போட்டிருக்கறேன்."

"அடுத்த சனிக்கெழம, அதுக்கு அடுத்த சனிக்கெழம. ரெண்டுதான். அப்பவும் நின்னுச்சுன்னா மெட்ராஸ் டீலருகிட்ட சொல்லி அவங்க ஆளையே இங்க வெச்சுக்கறேன். நீ ரிசப்ஷன்ல உக்காந்து ஃபாரம் எழுது."

கன்னிகாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. நகரியில் அவள் வீட்டில் நாலு பவர்லூம். அப்பா வேதாச்சலம் அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, "நைனா, மூணாவது தறியில நாடா ஒரசுது" என்று கூடத்திலிருந்து கத்தியவள் அவள். காதாலேயே எந்திரத்தைப் பார்க்கத் தெரிந்தவள் என்றுதான் இந்த வேலையே கிடைத்தது. தினமும் புத்தூர் வழியாகப் பஸ் பிடித்துத் திருப்பதி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து சேர்வது ஃபாரம் எழுதவா?

பிரஸ்ஸை அவள் பார்த்துக்கொண்டதில் யாரும் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை கிளப் விடுமுறை. அன்று எந்திரத்தைக் கழற்றித் துடைப்பாள், எண்ணெய் விடுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேல்துடைப்பு துடைத்து, பொட்டு வைத்து, உறை போர்த்திவிட்டுத்தான் கிளம்புவாள். மருந்து அறை என்பதால் கற்பூரம் மட்டும் காட்ட முடியாது. அதில் அவளுக்குச் சின்னக் குறை.

இத்தாலிக் கம்பெனியோடு அவள் நடத்திய கடிதப் போர் தனிக்கதை. முதல் மெயிலுக்கு, 'உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கு எந்திரத்தின் நம்பர் கேட்டார்கள். கொடுத்தாள். மூன்றாவதுக்கு மறுபடி நம்பர் கேட்டார்கள். நான்காவதில் கையேட்டின் பதினாலாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். பதினாலாம் பக்கத்தில், பிரச்சினை தீராவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதவும் என்று இருந்தது.

ஐந்தாவது மெயிலிலிருந்துதான் மார்த்தா என்ற பெண் தன் பேரைப் போட்டுப் பதில் எழுத ஆரம்பித்தாள். அவள் போட்டோ கேட்டாள். கன்னிகா, மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் போட்டோ அனுப்புவதுபோல, பிரஸ்ஸைத் தலையிலிருந்து கால் வரை துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினாள். 'மிக அழகாக இருக்கிறது, ஒரு குறையும் தெரியவில்லை' என்று பதில் வந்தது. பள்ளத்தில் ஏதோ சிவப்புப் புழுதி சேர்கிறது, களிமண் தட்டின் தூள் போல என்று எழுதினாள். ஜன்னலைச் சாத்தி வை என்றாள் மார்த்தா. சாத்தினாள். சித்திரை வெயிலில் அறைக்குள் ஆள் வெந்ததுதான் மிச்சம், சனிக்கிழமை பிரஸ் நின்றது. அந்தப் புழுதியை ஆதாரத்துக்கு ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். தினமும் எத்தனை தோட்டா நிரப்பினாய், எத்தனை மணிக்கு, எத்தனையாவது தோட்டாவில் நின்றது என்று தேதிவாரியாக எழுதிவை என்றாள் மார்த்தா. தறி நின்ற நேரத்தைக் குறித்துவைத்துப் பழகிய வீடு. அதையும் வரி விடாமல் எழுதி அனுப்பினாள்.

நாகபூஷணம் கெடு வைத்த அன்று மத்தியானம் அவள் எழுதிய மெயில் கொஞ்சம் காரமாகவே போனது. 'நான் எல்லாம் செய்துவிட்டேன். தப்பு என் கையில் இல்லை. உங்கள் தொழிற்சாலையில் யாரோ சரியாகச் செய்யவில்லை. அவர் யார் என்று பாருங்கள்.'

புதன்கிழமை பதில் வந்தது. இத்தாலி பணிந்துவிட்டது. தயாரிப்பில் தவறு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, வருந்தி, கேப் விழும் பகுதியை முழுசாகப் புதிதாக அனுப்புவதாக எழுதியிருந்தார்கள். அந்த எந்திரத்தைப் பொருத்தியவரை விசாரித்துவருகிறோம் என்றும் ஒரு வரி இருந்தது.

நாகபூஷணத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. மெயிலைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் குத்தினார். வந்தவர் போனவரிடமெல்லாம், "வெள்ளக்காரன மடக்கிட்டோம்" என்றார். கன்னிகாவுக்கு ஒரு பெட்டி பால்கோவா கொடுத்தார். சுடும் இடத்தைக் கவனிக்கும் சலீம் பாய் அதில் பாதியைத் தின்றுவிட்டு, "நீ ஒத்த ஆளா இத்தாலிய ஜெயிச்சிட்டம்மா" என்றார். கன்னிகாவுக்கும் பெருமைதான். இல்லை என்று பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்த்தாவிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது.

கன்னிகா அப்போதுதான் பிரஸ்ஸைத் துடைத்து, சந்தனம் குழைத்து, அதன் நெற்றியில் பொட்டு வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள். விரலைத் துடைக்காமலே போனை எடுத்தாள். 'பாகம் அனுப்பியாகிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம் என்னைக் குடைகிறது' என்று ஆரம்பித்திருந்தாள் மார்த்தா. 'நீ அனுப்பிய பட்டியலை மறுபடி பார்த்தேன். எல்லாம் சனி, ஞாயிறுதான். அதிக வேலையால் என்று நினைத்தேன். ஆனால் ஒரு புதன்கிழமை அதைவிட அதிகம் நிரப்பியிருக்கிறாய், நிற்கவில்லை. ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. அதற்கு முந்தின நாள் நீ விடுமுறை என்று எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமைகளில் எந்திரத்துக்கு என்ன செய்கிறாய்?'

விடுமுறை எடுத்தது ஏர்பேட்டில் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று. அதைப் போய்க் குடைகிறாளே என்று எரிச்சலோடு, 'வெள்ளிக்கிழமை விசேஷமாக ஒன்றும் செய்வதில்லை' என்று டைப் செய்தாள். செய்து முடித்துப் பார்த்தால் எழுத்து தெரியவில்லை. போன் கண்ணாடி முழுக்கச் சந்தனம்.

தலையைத் தூக்கிப் பிரஸ்ஸைப் பார்த்தாள். அது புதுப்பெண் மாதிரி பொட்டோடு நின்றுகொண்டிருந்தது. பொட்டுக்கு நேர் கீழே, ஒரு விரல்கடை தூரத்தில், கேப் உருளும் பள்ளம். மேஜை டிராயரிலிருந்து அந்தக் காகித மடிப்பை எடுத்துப் பிரித்தாள். இத்தனை நாளாகப் பத்திரப்படுத்திய சிவப்புப் புழுதியை முதல்முறையாக முகர்ந்து பார்த்தாள். பூஜை அறை வாசனை வந்தது.

ஈரச் சந்தனம் வெள்ளிக்கிழமை ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி காயும். சனிக்கிழமை கைப்பிடியை இழுக்கிற அதிர்ச்சியில் குங்குமத்தோடு உதிர்ந்து பள்ளத்தில் விழும். திங்கட்கிழமை அவளே சுத்தமாகத் துடைத்துவிடுவாள். போட்டோ எடுப்பதற்கு முன்னாலும் அவளேதான் துடைத்தாள். தறிக்கு வைக்கிற பொட்டு கட்டையில் இருக்கும், உதிர்ந்தாலும் தரையில் விழும். இதற்கு வைப்பதை ஒரு வேலையாகவே அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால்தான் பட்டியலிலும் எழுதவில்லை. "அட பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது.

பொட்டை வழித்தெடுத்துப் பள்ளத்தை ஊதித் துடைத்தாள். மறுநாள் சனிக்கிழமை, முந்நூறு தோட்டா. 'டக், டக், டக்' என்று ஒரு சுருதி பிசகவில்லை. ஹர்ஷினி வந்து, "அக்கா, இன்னிக்கு ஒண்ணுகூட ஏமாத்தல" என்று கட்டிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமையும் நிற்கவில்லை.

"பாத்தியா," என்றார் நாகபூஷணம். "இத்தாலிக்காரன் பயந்ததுல மெஷினும் பயந்துபோச்சு."

கன்னிகா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காகித மடிப்பையும் முகரக் கொடுத்தாள். அவர் முகர்ந்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

"யாருக்கும் சொல்லாத."

"மார்த்தாவுக்கு எழுதணும் சார்."

"எதுக்கு? பொட்டு வெக்காத, முடிஞ்சுபோச்சு. பார்ட் வருது, வரட்டும். ஊர் பூரா சொல்லிக்கினு திரியறேன், போர்டுல குத்தி வெச்சிருக்கறேன். இப்ப போய் எங்க பொட்டுதான் காரணம்னு எழுதுவியா? என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"அந்த மெஷின மாட்டுனவர விசாரிக்கிறாங்களாம் சார்."

"அவன் உனக்கு மாமனா மச்சானா?"

கன்னிகாவுக்கு அப்பாவின் முகம் வந்து நின்றது. நூலிலே பழுது இருக்கும். வியாபாரி துணியை விரித்துப் பார்த்து, நெய்த கையைத்தான் திட்டுவான். நைனா வாயைத் திறக்காமல் துணியை மடித்துக்கொண்டு திரும்பி வருவார், அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த வியாபாரிமேல் சின்ன வயதிலிருந்து அவளுக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. இப்போது இத்தாலியில் எவனோ ஒருவனுக்கு அவளே அந்த வியாபாரியாகிவிட்டாள். நினைக்கவே கூசியது.

"என் தப்ப அந்தாளு தலையில போட்டுட்டு எனக்குச் சோறு துன்ன முடியாது சார்."

"அனுப்பினியோ, செவ்வாக்கெழமையிலருந்து ரிசப்ஷன்தான்."

அவள் அனுப்பினாள். பொட்டின் படத்தையும் காகிதப் புழுதியின் படத்தையும் சேர்த்து, 'தவறு என்னுடையது. உங்கள் தொழிலாளி சரியாகத்தான் செய்திருக்கிறார். பாகம் வந்ததும் திருப்பி அனுப்புகிறேன்' என்று எழுதி அனுப்பினாள்.

நாகபூஷணம் சொன்ன சொல் தவறாதவர். செவ்வாய்க்கிழமை அவளை ரிசப்ஷனில் உட்காரவைத்தார். தோட்டா அறைக்குச் சலீம் பாய் போனார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உறுப்பினர் ஃபாரத்தில் 'தகப்பனார் பெயர்' எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பக்கம் கைப்பிடி பாதி வழியிலேயே திரும்புவது காதில் விழுந்து உயிர் போயிற்று. "பாய், முழுசா இழுங்க!" என்று கத்துவாள். "இழுத்துக்கினுதானேம்மா இருக்கறேன்!" என்று பதில் வரும். பாய் மணிக்கு முப்பது தோட்டா நிரப்பினார், அதில் பத்து கோணல். மார்த்தாவிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. கோபித்துக்கொண்டுவிட்டாள் என்றே கன்னிகா முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாகபூஷணம் கையில் ஒரு பிரிண்டோடு ரிசப்ஷனுக்கு வந்தார். மெயில் கிளப் முகவரிக்கு வந்திருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்த்தா எழுதியிருந்தாள்: 'இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தப்பு என்னுடையது என்று எழுதிய முதல் வாடிக்கையாளர் நீ. உன் எந்திரத்தைப் பொருத்தியவர் பெயர் ப்ரூனோ. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். பத்து நாளாக, எங்கே தவறினேன் என்று தெரியாமல், பழைய எந்திரங்களையெல்லாம் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒருமுறை படித்தது போதவில்லை, இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். புதிய பாகத்தைத் திருப்பி அனுப்பவேண்டாம், வைத்துக்கொள். அவர் உனக்கு ஒன்று வரைந்து கொடுத்திருக்கிறார்.'

கீழே பென்சிலில் பிரஸ்ஸின் படம். கேப் பள்ளத்துக்கு மேலே ஒரு பெருக்கல் குறி. அடிப்பீடத்தின் முன்பக்கம், எதுவும் அசையாத அகலமான இரும்பில், ஒரு வட்டம். வட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்பியிருந்தார். பக்கத்தில் எழுதியிருந்த இரண்டு வரியை மார்த்தா ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தாள்: 'இங்கே வைக்கலாம், உதிராது. இந்த வெள்ளிக்கிழமை எனக்காகவும் ஒன்று வையுங்கள்.'

கன்னிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஃபாரத்தின்மேல் சொட்டாமல் இருக்க அண்ணாந்துகொண்டாள்.

"இன்னா பாத்துக்கினு இருக்கற?" என்றார் நாகபூஷணம், இன்னும் மலையைப் பார்த்தபடியே. நோட்டீஸ் போர்டிலிருந்து பழைய மெயிலை அவர் ஏற்கெனவே பிடுங்கியிருந்தார், கையில் கசங்கிக்கொண்டிருந்தது. "நாளைக்குச் சனிக்கெழம. சலீம் பாய நம்பினா ஹர்ஷினி கல்லாலதான் அடிக்கணும்." சட்டைப் பையிலிருந்து தோட்டா அறைச் சாவியை எடுத்து, படத்தின்மேல் வைத்தார். "இந்தக் காயிதத்த போர்டுல குத்தணும், சீக்கிரம் தா."

"பொட்டு வெச்சுட்டுத் தரேன் சார். எடம் பாத்து வெக்கணும்."

அவள் போய்ச் சந்தனம் குழைத்தாள். பிரஸ்ஸின் முன்னால் மண்டியிட்டு, படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வட்டம் போட்ட இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வைத்தாள்.