ஊசிக்குக் கொடுத்த மருந்து

கம்பவுண்டர் தாத்தா ஒரு மாதம் தங்கலாமென்று மகள் வீட்டுக்கு வந்த அன்றே நாய்க்குட்டி அவருடைய செருப்பைக் குதறிவிட்டது. பேத்தி அதற்கு வைத்திருந்த பெயர் ஊசி. பல் அந்த லட்சணம். நாற்பது வருஷம் ஊசி போட்டே பிழைத்த மனுஷனுக்கு அந்தப் பெயரே எரிச்சல். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்று மகள் சிரித்தாள். ஆனால் அவள் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது இரண்டே ஜீவன்கள். பத்தே நாளில் குட்டி அவர் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றது. அவரும் அதைச் சனியனே, சனியனே என்று கொஞ்சிக்கொண்டு, செய்தித்தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படித்தார். மனைவி போனபிறகு அவர் பேச்சை யார் இப்படி உட்கார்ந்து கேட்டார்கள்?

மூன்றாம் வாரம் சோபாவிலிருந்து குதித்ததில் ஊசிக்கு முன்னங்கால் பிசகிக்கொண்டது. டாக்டரிடம் காட்டலாம் என்றாள் மகள். இதற்குப் போய் டாக்டரா என்றார் தாத்தா. எத்தனை குழந்தைகளுக்கு எடை பார்த்து மருந்து பிரித்துக் கொடுத்த கை! தன் முழங்கால் வலி மாத்திரையை நான்காக உடைத்து, ஒரு துண்டைப் பொடித்து, தேனில் குழைத்து அதன் நாக்கில் தடவினார். சாயங்காலமே குட்டி ஓடியது. பேத்திக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் கண்டவர்களிடமெல்லாம் தாத்தாவைப் பற்றிப் பீற்றிக்கொண்டாள். அந்தப் பெருமையில் மயங்கித்தான் அவர் மறுநாளும் கொடுத்தார், அதற்கு மறுநாளும் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை, பேத்தி பள்ளிக்குப் போனபிறகு, ஊசி ரத்தமாக வாந்தி எடுத்தது.

கால்நடை டாக்டருக்குத் தாத்தாவின் மகள் வயதுதான் இருக்கும். மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனுஷருக்கான இந்த மாத்திரை நாய்க்கு ஆகவே ஆகாது, எடைக்குப் பிரித்தாலும் ஆகாது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று மெதுவாகத்தான் சொன்னார்.

"இனி ரெண்டு நாள் தாங்கினாலே பெருசுங்க ஐயா. வலிக்காம இருக்க ஊசி போட்டிருக்கேன். வீட்லயே வச்சுக்குங்க."

பாவி, பாவி என்று தாத்தாவின் மனசு அடித்துக்கொண்டது. வேலையிலிருந்து ஓடிவந்திருந்த மகள் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் காரை ஓட்டினாள். திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. வாசலில் நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவகிட்ட என்னால சொல்ல முடியாதுப்பா. நீங்களே சொல்லிடுங்க."

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மதியமெல்லாம் ஊசியை மடியில் போட்டுக்கொண்டு அதையேதான் யோசித்தார். பேத்தி பள்ளி விட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் மண்டியிட்டாள். ஊசி வாலை ஒருதரம் அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"பாப்பா, தாத்தா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

அவள் எங்கே அவரைக் கவனித்தாள்! குட்டியின் காதருகே குனிந்து, "பயப்படாத ஊசி. அதான் தாத்தா இருக்காரில்ல?" என்றாள். பிறகு அவர் கையை இரண்டு கையாலும் தூக்கி அதன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இங்க தொடுங்க தாத்தா. நீங்க தொட்டாலே அதுக்குச் சரியாயிடும்."

கையை எடுக்க அவருக்குத் தைரியமில்லை. உள்ளங்கையின் கீழே அந்தச் சின்ன வயிறு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறக் கொஞ்சம் நேரமானது.